ரோஜா நிறச் சொட்டு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நல்ல செய்தி என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். வெள்ளைத் தட்டில் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிவு நீர் ஒரு சொட்டு, பக்கத்தில் ரோஜா நிற மருந்து ஒரு சொட்டு. மருந்து என்று சொல்கிறேனே தவிர அதில் இருப்பது கொன்று சாயமேற்றிய கிருமிகள். இரண்டையும் குச்சியால் கலந்து, தட்டைக் கையில் பிடித்து நான்கு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். அந்த உடம்பு அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்து எதிர்த்திருந்தால் கலவை திரிந்துபோகும், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி, மணி மணியாக. சந்திக்காவிட்டால் கடைசிவரை வழவழவென்று கிடக்கும். பெரிய பெரிய இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும் இந்தத் தட்டைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. சீக்கிரம் முடியும், கண்ணாலேயே தெரியும். ஆடுமாடுகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் புருசெல்லாக் காய்ச்சலுக்கு ஆட்டுக்கும் இதே சொட்டுதான், ஆளுக்கும் இதே சொட்டுதான்.

கூடம் இருப்பது தீவில், சூலியா தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில். கடலுக்கு மறுகரையில் பாகான் டாலாமில் வீடு, காலையில் ஃபெரி, பகல் முழுக்கப் பிறர் ரத்தம். குழாயில் ஒட்டியிருக்கும் எண்தான் எனக்கு ஆள். அந்த எண்ணுக்கு ஒரு முகமும் வீடும் இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்தால் இந்த வேலையில் ஒரு மாதம் தாங்க முடியாது. அண்ணியின் குழாய் வரும்வரை எனக்கு அந்தச் சௌகரியம் இருந்தது.

என் அண்ணன் புக்கிட் மெர்தாஜாமுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆடு வளர்த்தார். வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது எல்லோரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். தங்கச்சி எனக்கு வாய் நீளம். ஆனால் அவர் கையில் ஆடுகள் நன்றாகத்தான் தழைத்தன. காலையில் பால் வாங்க ஆட்கள் வாசலில் காடியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இழுப்பு நோய்க்கு நல்லது என்று சீனக் கிழவர் ஒருவர் தினமும் புட்டியோடு வருவார். எல்லோருக்கும் பச்சைப் பாலாகத்தான் வேண்டும். கறந்த சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும், அடுப்பில் வைத்தால் சத்து ஓடிப்போகும் என்று ஒரு நம்பிக்கை. இந்த ஊரில் தண்ணீரைக்கூடக் காய்ச்சிக் குடிக்கிற ஜனங்கள் ஆட்டுப்பாலை மட்டும் அப்படியே குடிப்பார்கள். யார் சொல்லியும் கேட்கமாட்டார்கள்.

அண்ணி முதல் இரண்டு கருவையும் மூன்று மாதம் தாண்டுவதற்குள் இழந்தவர். கல்யாணமே தாமதமாக நடந்தது. நாற்பதை நெருங்கும்போது மூன்றாவது தங்கியது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரிதான். அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தார்கள். அண்ணி மாடிப்படி ஏறுவதை விட்டார். கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். அண்ணன் தினமும் முதல் ஆட்டில் முதல் கறவையை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, நுரை அடங்குவதற்குள் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். புட்டிக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். மனைவிக்குப் பிறகுதான் ஊருக்கு.

"காய்ச்சிக் கொடுங்கண்ணே," என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"காய்ச்சினா அதுல என்னா இருக்கு? வெள்ளைத் தண்ணிதான் இருக்கும்லா. அந்தக் காலத்துல எல்லாம் இப்படித்தானே குடிச்சாங்க?"

"அந்தக் காலத்துல எத்தனை பேரு செத்தாங்கன்னு யாரு கணக்கு வச்சா?"

"வயித்துப் புள்ளைக்காரி முன்னாடி என்னா பேச்சு இது?" என்று அதட்டினார். அண்ணி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே எனக்குக் கண்ணைக் காட்டினார், விட்டுத் தள்ளு என்பது மாதிரி. அவருக்கு அந்தப் பால் பிடிக்காது. வாடை வரும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அண்ணன் கொண்டுவந்து நீட்டுகிற அந்த முகத்தைப் பார்த்தால் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நான்கு மாதம் தாண்டியது. நாங்கள் எல்லோரும் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தோம். அப்போதுதான் அண்ணிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. இரவில் வியர்த்து ஊற்றித் தலையணை நனையும். இடுப்பு விட்டுப் போகிற வலி. மாசமாக இருந்தால் இடுப்பு வலிக்காதா என்றார்கள் அக்கம்பக்கத்தில். கிளினிக்கில் டெங்கி பார்த்தார்கள், இல்லை. டைபாய்டு பார்த்தார்கள், அதுவும் இல்லை. காய்ச்சல் ஒரு வாரம் போனது, மறு வாரம் வந்தது. கடைசியில் தீவில் உள்ள ஒரு சிறப்பு மருத்துவரிடம் கூட்டிவந்தோம். அவர் வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் பெருமையோடு சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, புருசெல்லாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதினார்.

ரத்தம் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை, நானே செய்தேன். தட்டைச் சாய்க்க ஆரம்பித்தவுடனேயே ஓரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. சில சமயம் அப்படி ஏமாற்றும், சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். கலந்தேன். நான்கு நிமிடம் காத்திருக்கத் தேவையே இல்லை. ரோஜா நிறம் முழுக்கத் திரிந்து, இடையே தண்ணீர் தெளிந்து நின்றது. இன்னொரு தட்டில் போட்டேன், பிறகு இன்னொன்றில். பக்கத்து மேசைப் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாருதுக்கா இது, இவ்வளவு ஸ்ட்ராங்கா?" என்றாள். என் அண்ணி என்றேன். அவள் போய் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கிவந்தாள்.

உறுதிப்படுத்தும் பரிசோதனையும் அதையே சொன்னது. வயிற்றில் குழந்தை இருப்பதால் வழக்கமான மாத்திரையைக் கொடுக்க முடியாது, வேறு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையின் நெஞ்சு நன்றாகத் துடிக்கிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

மனிதனுக்கு வந்தால் ஆட்டைப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. கால்நடை இலாகாவிலிருந்து ஒரு மலாய் டாக்டரம்மா உதவிக்கு ஆள்களோடு வந்தார். தன்மையான பெண். கொட்டகைக்குள் போவதற்கு முன்னால் அண்ணனை நிறுத்திக் கேட்டார்: "கம்பிங் ஆடா குகூர் தாக்?" ஆடு ஏதாவது குட்டியைப் பாதியில் வீசியதா என்று. இந்தக் கிருமி ஆட்டுக்குள் புகுந்தால் முதலில் செய்கிற வேலை அதுதான்.

நான் அவசரக்காரி, அண்ணன் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, "தாக் ஆடா," இல்லை என்றேன். அப்படி ஒன்று நடந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்? வாராவாரம் வருகிறேன், தினமும் போனில் பேசுகிறேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் கொட்டகைக்குப் பின்னால், வாழை மரங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"தீபாவளிக்கு அப்புறம் மூணு நாலு ஆடு வீசிச்சு. அங்கதான் பொதைச்சேன்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா நீ அவகிட்ட சொல்லுவ. மாசமா இருக்குறவ காதுல அந்த மாதிரி சேதி விழலாமா? ஏற்கெனவே ரெண்டு போனவ. அவளுக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான் இருட்டோட எழுந்து பொதைச்சேன்."

எங்கள் வீடுகளில் அது சட்டம் மாதிரி. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சாவு சொல்லமாட்டார்கள். யாருக்காவது கரு கலைந்தால் ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும். அம்மா எனக்காக மறைத்திருக்கிறாள், நான் மற்றவர்களுக்காக மறைத்திருக்கிறேன். அண்ணன் ஆட்டின் குறைப்பிரசவத்தைக்கூட அந்தச் சட்டத்தில் சேர்த்துவிட்டார். வீட்டில் எல்லோரையும்விட அது தெரிந்திருக்க வேண்டியவர் யாரோ, அவரிடம்தான் மறைத்தார். ஒரு வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் அந்த டம்ளரை அன்றே பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றியிருப்பேன். திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன திட்டுவது? நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நான் திரும்பினேன். அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், வந்தவர்களுக்குக் குடிக்க மைலோ கலக்கிய டம்ளர்கள் வைத்த தட்டோடு. எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தட்டைக் கவனமாக ஸ்டூலின் மேல் வைத்தார். "எல்லாரும் குடிங்க," என்றார். உள்ளே போய்விட்டார்.

ஆடுகளின் ரத்தமும் அதே ரோஜா நிறச் சொட்டில் சோதிக்கப்பட்டது. பாதிக்கு மேல் திரிந்தன. அவற்றைக் கொல்லத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. அதில் டாக்டரம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரி வந்தபோது அண்ணனே ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார், இல்லாவிட்டால் அவை மிரளும் என்று. மிஞ்சியவற்றை வாங்க ஆளில்லை. புட்டியோடு வந்த சீனக் கிழவரின் வீட்டை அண்ணனே தேடிப் போய் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணனின் ரத்தத்தையும் பார்த்தோம். அதுவும் திரிந்தது. அவருக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லை. அது அவரை எந்த நோயையும்விட அதிகமாக வாட்டியது.

லாரி போன மறு வாரம் அண்ணிக்கு வலி வந்துவிட்டது. ஐந்து மாதம்தான் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான் கூடவே இருந்தேன். ஆண் குழந்தை. கை விரல் எல்லாம் இருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் வாங்கிக்கொண்டார். எங்கே, எப்படி அடக்கம் செய்தார் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைந்தது தாழி மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. அண்ணி சாப்பாடு வைப்பார், அண்ணன் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

மாத்திரை முடிந்த பிறகும் அண்ணி ரத்தம் கொடுக்க வந்துகொண்டிருந்தார். டாக்டர் காய்ச்சல் இல்லை, கிருமி போய்விட்டது என்றுதான் சொன்னார். ஆனால் தட்டில் திரிவது நிற்கவில்லை. உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்ட எதிர்ப்பை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நோய் போன பிறகும் நெடுநாள் மணி விழும். இதை அண்ணியிடம் பலமுறை சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியாது. மறுபடி முயற்சி செய்வதைப் பற்றிக் கேட்டதற்கு, வயதையும் உடம்பையும் பாருங்கள் என்றுவிட்டார் டாக்டர். அதை அண்ணி என்னிடம் சொன்னபோது அழவில்லை. நான்தான் அழுதேன், அதற்கும் அவர்தான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

போன மாதம் வந்தவர் ரத்தம் கொடுத்த பிறகும் கிளம்பவில்லை. மத்தியானம், கூடத்தில் கூட்டமில்லை. கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"ஒன்னக் கேக்குறேன். மறைக்காம சொல்லு. அந்தப் பாலாலதான் என் புள்ள போச்சா?"

வழி முழுக்க அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் யோசித்தேன். ஆமாம் என்று சொன்னால் அண்ணனின் கழுத்தில் கயிறு. இல்லை என்று சொன்னால் பொய்யாக இருக்கலாம். இந்தச் சொட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான், இந்த உடம்பு அந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறது என்று. அதனால்தான் குழந்தை போனதா என்று அது சொல்லாது. இந்தப் பாலைத் தொடுவதற்கு முன்னாலேயே இரண்டு போயிருக்கிறது. மூன்றாவது இதனால் போயிருக்கலாம், முதல் இரண்டும் எதனால் போனதோ அதனாலும் போயிருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

"தெரியாது அண்ணி," என்றேன். "சத்தியமா தெரியாது. யாருக்கும் தெரியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் இவ்வளவு உண்மையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்துவிட்டது. எதிரில் இருப்பவளைக் காப்பாற்றுவதற்காக எதையோ விழுங்குகிறவளின் முகமாகத்தான் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் அவருக்கு அந்த முகம் பழக்கம்.

பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீயும் அவரு தங்கச்சிதானே," என்றார்.

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுப்பதில்லை.