வெள்ளைதான் லேசு என்று சொல்லிக்கொண்டிருந்த காலம்

கார் பெயின்ட் அடிப்பவனிடம் யாரும் பிடித்த நிறம் கேட்டு வருவதில்லை. ஊத்தை தெரியாத நிறம் கேட்டுத்தான் வருகிறார்கள். கல்முனையில் இருபத்தெட்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சோறு தின்கிறேன். கார் வைத்திருப்பவர்களே, இந்தத் துன்பத்தை நீங்களும் அறிவீர்கள். காலையில் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் காகம் தன் வேலையைக் காட்டியிருக்கும். கிழக்கே கடல் உப்பை வீசுகிறது, மேற்கே வயல் தூசியை அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் நம்முடைய கார்கள் நிற்கின்றன.

பதில் சொல்லிச் சொல்லி நான் செய்த ஒரு பெரிய பிழையும் இதில் வரும். மற்றக் கதைகளுக்கு நீங்கள் சிரிக்கலாம். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆலை முதலாளியின் கறுப்பு

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், கறுப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. சரி என்று, முகம் பார்த்துத் தாடி சீவலாம் என்ற அளவுக்கு மினுக்கிக் கொடுத்தேன். அறுவடை தொடங்கிய கிழமையே ஆள் திரும்பி வந்தார். உமித் தூசி படிந்த பொனட்டில் யாரோ விரலால் மீன் படம் கீறியிருந்தார்கள். அந்த மீனை அழிக்கப் போய், உடுத்திருந்த சாரனின் காய்ந்த நுனியால் தேய்த்ததில் பொனட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது.

கதிரையில் இருத்தி விளக்கம் சொன்னேன். கறுப்பில் தூசி தெரியும். வெள்ளையில் சேறு தெரியும். சில்வரில் இரண்டும் கொஞ்சம் மறையும், ஆனால் ஒரு இடம் நசுங்கினால் பிறகு அந்த நிறத்தைச் சேர்த்தெடுப்பது பெரும்பாடு. ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“அப்ப மனிசன் எதுக்குள்ளதான் மகன் ஒளிக்கிற?”

மீன் வானுக்கு நிறம்

சாய்ந்தமருதில் தோணி வைத்திருக்கும் ஒருவர் தன்னுடைய மீன் வானைக் கொண்டுவந்தார். ஐஸ் உருகி ஒழுகி, கதவுகளின் அடிப்பக்கம் அப்பளம்போல நொறுங்கியிருந்தது. எந்த நிறம் அடித்தால் இந்தத் துரு, இந்தக் கறள் பிடிக்காது என்று கேட்டார். கறளுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, தினமும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், நிறத்தை உங்கள் விருப்பத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு காலமும் தெரியாமல் கேட்டுவிட்டோமே என்ற வெட்கம் இருந்தது. அதை மறைக்க, என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

“அதானே காக்கா, கடல் கலரப் பார்த்துக் கடிக்கிறயா!”

வெயிலுக்குள் ஒரு நீலம்

இனி வருவது என் கதை. நிந்தவூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கடும் நீலக் காரோடு வந்தார். முன் மட்காட் மட்டும் நசுங்கியிருந்தது. கம்பனி நம்பரைக் கொடுத்தால் இப்போது மெஷினே நிறத்தைக் கலந்து தரும். ஆனால் அது புதுக்காரின் நிறம். வெயில் தின்ற பழைய நிறத்துக்குச் சேர்க்க, கடைசித் துளிகளை நாம்தான் கண்ணால் பார்த்து ஊற்ற வேண்டும். எங்கள் தொழில் முழுக்க அந்தக் கடைசித் துளிகளில்தான் இருக்கிறது.

நான் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன். தம்பி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கராஜுக்குள் வெளிச்சம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, தானே காரை எடுத்து வெளியில் நிறுத்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கதைத்துச் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“காக்கா, வெயிலுக்க வந்து பாருங்க. மட்காட் கறுப்பாக் கிடக்கு. உங்களுக்கு இது நீலமாவா தெரியுது?”

யாருக்கு லேசு

அடுத்த நாளே போய்க் காட்டினேன். கண் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்தால் சரியாகும் என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. கண்ணில் கத்தி வைப்பதை நினைத்தாலே உள்ளங்கால் கூசியது. அதைவிட, பெயின்ட் அடிக்கும் பாஸுக்கே கண் தெரியாது என்று ஊருக்குள் கதை பரவினால் யார் எனக்குக் கார் தருவார்? மனைவிக்கும் சொல்லவில்லை.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. பழைய காரைப் புதிதாக்கிக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த எல்லோருக்கும் நான் ஒரே மருந்தைச் சொன்னேன். முழுக் காருக்கும் வெள்ளை அடியுங்கள். சின்னக் கீறல் தெரியாது, சூடு பிடிக்காது, பராமரிக்க லேசு. இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் அதுவல்ல. முழுக் காருக்கும் வெள்ளை என்றால் நிறம் சேர்க்க வேண்டியதில்லை, டப்பாவை உடைத்து ஊற்றி அடித்தால் முடிந்தது. டிங்கரிங் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி றசீன் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“மச்சான், வெள்ளை லேசு எண்டுறீங்க. காருக்காரனுக்கா லேசு, உங்களுக்கா?”

டீச்சரின் மெரூன்

மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மெரூன் கார் ஒன்றில் வந்தார். அவருடைய கணவர் தபாலதிபராக இருந்தவர். அந்த மெரூன் காரில்தான் பக்கத்து வீதிப் பிள்ளைத்தாய்ச்சிகள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், சோதனைக்கு நேரம் பிந்திய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். தமிழ் ஆள், முஸ்லிம் ஆள் என்று அவர் பார்த்ததில்லை. கணவர் மௌத்தாகி, அவர் இல்லாமல் ஒரு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் அறுபது தாண்டிய வயதில் லைசன்ஸ் எடுத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கூரையிலும் பொனட்டிலும் பெயின்ட் உரிந்திருந்தது. அந்த இரண்டு இடத்தையும் அதே நிறத்தில் செய்து தாங்க தம்பி என்றார்.

அதே நிறம். எனக்கு அந்தக் கார் சாயம் கூடின வெறும் தேத்தண்ணிபோலத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மெரூன் வெயிலுக்கு நிற்காது டீச்சர், ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும், தனியாக இருக்கிறீர்கள், முழுக்க வெள்ளை அடித்தால் கழுவ லேசு என்றேன். கதவைக் கையால் ஒரு தடவை துடைத்தார். உங்களுக்குத் தெரியாததா தம்பி என்று சாவியைத் தந்தார்.

மூன்று மாதம் கழித்து, வைப்பர் மாற்ற வந்தவரிடம் கார் எப்படி டீச்சர் என்று கேட்டேன். குறை சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்தான் சொன்னார்.

“முந்தி இந்தக் காரக் கண்டா ரோட்டில எல்லாரும் கை காட்டுவாங்க தம்பி. அவர் போன பிறகும் காட்டினாங்க. இப்ப ஒருத்தரும் காட்டுறல்ல. ஆர்ர கார் எண்டு அவங்களுக்கு விளங்குதில்ல.”

பக்கத்துக் கட்டில்காரர்

கத்திக்குப் பயந்த என்னை டீச்சரின் அந்த வார்த்தைதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தியது. பக்கத்துக் கட்டிலில் சவளக்கடை ஊர்ப் பெரியவர் ஒருவர். ஆறு ஏக்கர் வயல் செய்பவர், அவருக்கும் அதே ஒப்பரேஷன். மறுநாள் இரண்டு பேருக்கும் கட்டு அவிழ்த்தார்கள். சுவரெல்லாம் நீலம் கலந்த மாதிரித் தெரிந்தது. அவருடைய மனைவி சோறும், வீட்டுக்குக் கொண்டுபோகச் சந்தையில் வாங்கிய கீரைக் கட்டுமாக வந்தார். பெரியவர் சோற்றைக் கவனிக்கவில்லை. கீரையை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சையாம், பச்சையாம் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப இந்த ரெண்டு போகமும் நான் வயலப் பார்க்கவே இல்லயா?”

பெற்றோல் மூடிக்குள்

மற்றக் கண்ணும் முடிந்து கராஜுக்கு வந்த அன்று, வாசலில் நின்ற, நான் அடித்த வெள்ளைக் கார்களைப் பார்த்தேன். ஒன்றின் கதவோரத்தில் பழைய பச்சை மங்கலாகத் தெரிந்தது. இன்னொன்றின் கூரை ஒரு வெள்ளை, பக்கம் வேறு வெள்ளை. தெரிந்தும் தெரியாததுபோல ஊர் எவ்வளவு காலம் என்னைப் பொறுத்திருக்கிறது!

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். காரின் பெற்றோல் மூடியைத் திறந்தேன். நிறம் மாற்றும்போது அதன் உள்பக்கத்தையும் அடிக்க வேண்டும். சோம்பலில் விட்டிருந்தேன். உள்ளங்கை அளவு இடத்தில், வெயிலே படாத மெரூன் அப்படியே இருந்தது. அந்தக் காரின் நிறத்தை நான் உண்மையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றி, பயத்தைப் பற்றி, லேசு என்று சொன்னதைப் பற்றி. இந்த நிறத்தைப் பார்த்து முழுக் காரையும் பழையபடி செய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். டீச்சர் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவினார். மூடியை அவரே மெதுவாக மூடினார்.

“வேணாம் தம்பி. மெரூனக் கண்டு கை தூக்கிற ஆக்கள், உள்ளுக்க அவரில்லாம என்னைத் தனியக் கண்டா கையப் பாதியில இறக்குவாங்க. அத என்னால பார்க்க ஏலா. இது இப்படியே கிடக்கட்டும். நீங்க சொன்ன மாதிரிக் கழுவ லேசாத்தான் இரிக்கு.”

இப்போதும் ஊத்தை தெரியாத நிறம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். யாருடைய ஊத்தையை மறைக்க என்று முதலில் என்னையே கேட்டுக்கொண்டுதான் டப்பாவைக் கையில் எடுக்கிறேன்.