நோட்டுக்கட்டு மெஷினின் கைப்பிடி

ரயில்வேயில் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். பென்ஷன் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தால் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். "அப்பள டப்பாவைத் திறந்து எண்ணிப் பாத்துட்டு, நேத்தைவிட இன்னைக்கு எட்டு குறையுதுன்னு கேக்கற மனுஷனோட எப்படிங்க நான் குடித்தனம் பண்றது?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில், வெளியே போகிற சாமான்களைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருடம் நான் செய்ததும் அதே வேலைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டறை முதலாளி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் மூத்த மகன் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். அப்போது அவர் புதிதாகச் செய்ய ஆரம்பித்திருந்தது வங்கிகளுக்கான நோட்டுக்கட்டு மெஷின்.

அந்த நாளில் வங்கியில் நூறு தாளைச் சேர்த்துப் பின் அடித்தால் ஒரு பாக்கெட். பத்துப் பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சணல் நூலால் இறுக்கினால் ஒரு கட்டு. கை மாறி மாறி அழுக்கேறிய பழைய தாள்கள் உப்பிக்கொள்ளும். கையால் இறுக்கினால் நூல் தளர்ந்துவிடும், நடுவிலிருந்து ஒரு பாக்கெட்டை உருவிவிடலாம். எங்கள் மெஷின் அதற்குத்தான். கீழே ஒரு இரும்புப் பலகை, மேலே ஒன்று, இரண்டிலும் நூல் போவதற்குப் பள்ளம். நடுவில் கட்டை வைத்து, முன்பக்கம் இருக்கும் நீண்ட கைப்பிடியைக் கீழே இழுத்தால் மேல்பலகை இறங்கி அமுக்கும். கைப்பிடி நுனியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு இரும்புக் குண்டு. கையை எடுத்தாலும் கைப்பிடி மேலே போகாமல் ஒரு சின்ன இரும்புத் துண்டு வெட்டுகளில் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதை லாக் என்போம். நூலைக் கட்டி முடித்ததும் லாக்கின் வளையத்தைத் தூக்கிவிட்டால் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கைப்பிடியை மேலே கொண்டுபோய்விடும்.

முதல் மெஷின் கொள்ளேகாலுக்குப் போனது. அப்போது அதுவும் மைசூர் மாவட்டம்தான். பட்டுக்கூடு விற்ற பணம் புரளும் ஊர் என்பதால் அங்கே இருந்த ஒரு வங்கிக் கிளைக்குக் கட்டு வேலை அதிகம். மெஷினைப் பொருத்திக் காட்ட நானும் கூடப் போயிருந்தேன். பணம் இருக்கிற கம்பிக் கூண்டுக்குள் வெளி ஆள் போகக்கூடாது. வலைக்கு வெளியே நின்றபடியே சொல்லிக் கொடுத்தேன். கேஷியர் முப்பது வயதுக்காரர். பக்கத்தில், தமிழர்கள் நிறைய இருக்கும் கௌதள்ளிக்காரர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க சார், இத்தன நாளு இடுப்பு ஒடியக் கட்டுனனுங்க. இது சுளுவா இருக்குதுங்களே!" என்றார்.

பட்டறையில் நாங்கள் நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் முடிச்சுப் போடுவோம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கை கட்டைப் பிடித்திருக்க, குனிந்து, நூலின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி, இன்னொரு முனையை மற்றக் கையால் இழுத்து இறுக்கினார். நோட்டு எண்ணுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கமாம். சணல் அழுக்கு வாய்க்குள் போகிறதே, வயிற்றைக் கெடுக்குமே என்று எனக்குக் கவலை வந்தது. சொன்னேன். "எங்க ஊரு வயிறுங்க, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார். அவர் குனிந்தபோது அவர் தாடை நேராக அந்த இரும்புக் குண்டுக்கு மேலே இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை.

பதினோரு வேலைநாள் கழிந்தது. இரண்டாவது மெஷின் என் மேசைக்கு வந்திருந்தது. இருபது தடவை இழுத்துப் பார்த்து முத்திரை குத்துவது வழக்கம். எனக்கு இருபது போதவில்லை. இரண்டு நாளாக விட்டு விட்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். முதலாளி தாண்டிப் போகும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

"என்ன சார், எக்ஸர்சைஸா? ஜிம் ஃபீஸ் கட்டணும் அப்புறமா."

"நானூறு ஆகப்போகுது" என்றேன்.

"இருபது நின்னுச்சுன்னா ரெண்டாயிரமும் நிக்கும் சார். விடுங்க. சும்மனெ தலெ கெடுத்துக்காதீங்க."

காலை பத்தே முக்காலுக்கு, நானூற்றுப் பதினோராவது இழுப்பில், கையை எடுத்து நோட்டில் குறிக்கத் திரும்பினேன். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கைப்பிடி மேலே இருந்தது. குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை.

லாக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெட்டில் விழ வேண்டிய முனை மழுங்கி, சோப்புத் துண்டு போல வழுவழு என்று இருந்தது. அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அரம் பிடித்தது. நெருப்பில் காய்ச்சிக் கடினமாக்கி, டெம்பர் ஏற்றிய இரும்பில் அரம் வழுக்க வேண்டும். டப்பாவில் இருந்த மற்ற லாக்குகளை எடுத்து ஒவ்வொன்றாக அரம் போட்டேன். எல்லாவற்றிலும் பிடித்தது. வெளியே டெம்பருக்கு அனுப்பிய இடத்தில் நெருப்பைக் காட்டாமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கொள்ளேகாலுக்குப் போனதும் இந்த டப்பாவிலிருந்து எடுத்த லாக்தான்.

மனம் தானாகக் கணக்குப் போட்டது. நாளுக்கு முப்பது கட்டு என்று அவர் சொல்லியிருந்தார். பதினோரு நாளைக்கு முந்நூற்று முப்பது. கூடு வரத்து அதிகமான இரண்டு நாளுக்கு மேலே நாற்பது சேர்த்தால் முந்நூற்று எழுபது. இன்றைக்கு முப்பது. நானூறு. அதற்குப் பிறகுதான் அவர் குனிவதும் பல்லால் கவ்வுவதும் கண் முன்னால் வந்தது. இங்கே கைப்பிடி வெறும் காற்றில் எழும்பியது. அங்கே அந்த இடத்தில் ஒரு முகம் இருக்கும்.

கவுண்டர் இரண்டு மணிக்கு மூடும். அதற்குப் பிறகுதான் கட்டுப் போடுவார்கள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆறு தடவை சுழற்றியும் லைன் கிடைக்கவில்லை. முதலாளியிடம் மழுங்கிய லாக்கைக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது, ஆனாலும், "நாளெ காலைல வேன் போகுது சார், புது லாக் கொடுத்து அனுப்பலாம்" என்றார்.

"இன்னைக்கு மத்தியானம் அந்த ஆள் குனிவார்" என்றேன். டிபன் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பதினொன்றே முக்கால் பஸ். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே எதையும் பார்த்த நினைவில்லை. டி. நரசீபுரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். பஸ்ஸைச் சுற்றி நான் நாலு தடவை நடந்தேன். கண்டக்டர், "என்ன தாத்தா, அர்ஜெண்டா? பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றார். ஒரு மனிதனின் தாடை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வங்கி வாசலில் இறங்கும்போது இரண்டு இருபது. இரும்புக் கதவு முக்கால்வாசி இழுத்து விட்டிருந்தது. காவல்காரர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"டைம் ஆய்து. நாளெ பன்னி" என்றார், நாளைக்கு வாங்க என்று கன்னடத்தில்.

"மெஷின்காரன்" என்றேன். மூச்சு வாங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்து, அடையாளம் தெரிந்து, உள்ளே விட்டார்.

கூண்டுக்குள் கேஷியர் இருந்தார். கைப்பிடி கீழே. நூல் பல்லில். தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குண்டு. பக்கத்தில் கட்டி முடித்த கட்டுகள் பதினேழு.

கத்தினால் திடுக்கிடுவார், கை லாக்கில் படும். தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவில் பார்த்தவரைக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சுங்களா?"

நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "அட, வாங்க சார்! இன்னும் இல்லீங்க. இத முடிச்சுப்போட்டுத்தான்." மறுபடி குனிந்தார்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

நிமிர்ந்தார். "இருக்கறாங்க சார். அப்பாருக்குத்தான் காலு வீக்கம்." குனிந்தார்.

"எந்தக் கால்?"

"இடது காலுங்க." இந்தத் தடவை நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏனுங்க சார், இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

"அப்படியே பின்னால ரெண்டு அடி போங்க. குனியாதீங்க. கைப்பிடியைத் தொடாதீங்க."

என் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். நூலை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பேச்சுக் குரல் கேட்டு மேனேஜர் வந்தார். கன்னடக்காரர், கண்டிப்பானவர் என்று ஊரில் பெயர். "கம்பெனி லெட்டர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "லெட்டர் இல்லாம நான் மெஷினை நிறுத்த முடியாது. ஸ்டாக்குல ஏறின சாமான் இது."

"சார், நிறுத்த வேண்டாம். இப்ப அது அமுங்கி நிக்குது. அதை யாராவது அவிழ்த்தே ஆகணும். நான் உள்ளே வரலாமா?"

"வரக்கூடாது."

"அப்ப அவர்தான் அவிழ்க்கணும். நான் சொல்ற மாதிரி செய்யட்டும். அதுக்காவது விடுங்க."

மேனேஜர் மெஷினைப் பார்த்தார், கேஷியரைப் பார்த்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீளமாக ஒரு சணல் நூலை வெட்டச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, லாக்கின் வளையத்தில் கட்டச் சொன்னேன். ஒரு கையால் முடிச்சு விழவில்லை. வழக்கப்படி நூல் முனையை வாய்க்குக் கொண்டுபோகத் தலையைத் தாழ்த்தினார்.

"பல்லு வேண்டாம்!" இந்தத் தடவை கத்திவிட்டேன். வாசலில் காவல்காரர் எழுந்து நின்றார்.

"இல்லீங்க, இல்லீங்க" என்று கையை உதறிக்கொண்டு, மறுபடி முயன்று கட்டினார். நூலின் மறுமுனையை வலைக்குக் கீழே சலான் நீட்டும் சந்து வழியாக என்னிடம் கொடுத்தார். அவரைச் சுவரோரம் போகச் சொன்னேன். மேனேஜரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணி இழுப்பதாக இருந்தேன்.

ஒன்று கூடச் சொல்லவில்லை. தரையில் கிடந்த நூலை எடுத்துத் தொய்வை எடுத்தேன், அவ்வளவுதான். பட்டறையில் கேட்ட அதே சத்தம். மேசையே ஒரு துள்ளு துள்ளியது. விரல் நனைக்கும் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நோட்டுக்கு மேல் கொட்டியது. குண்டு மேலே போய் நின்று ஆடியது. நாற்காலி போட்டிருந்த இடத்துக்கு நேராக, உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கும் வாய்க்கும் நடுவில்.

கேஷியர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்து, மறுபடி பொத்திக்கொண்டார். மேனேஜர்தான் முதலில் நகர்ந்தார். போய் நனைந்த நோட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். அது அவர் வேலை இல்லை.

நான் சொல்லச் சொல்ல கேஷியர் லாக்கைக் கழற்றி, அதே சந்து வழியாக நீட்டினார். முனை மேல் என் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். தடங்கலே இல்லாமல் போனது. என் கணக்கில் அவருக்கு இன்னும் இருபது கட்டுக்கு மேலேயே மிச்சம் இருந்தது. மெஷின் அந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை.

"சார்" என்றார் கேஷியர். குரல் திரும்பி வந்திருந்தது. "இதச் சரி பண்ணித் திருப்பிக் கொண்டாந்து குடுங்க. நல்லா இறுக்குதுங்க. என் இடுப்பு தேறிப்போச்சு."

சரி பண்ணலாம். டெம்பர் ஏற்றலாம், ஐயாயிரம் தடவை இழுத்துப் பார்க்கலாம். ஐயாயிரத்து ஒன்றாவது தடவைக்கு யார் பொறுப்பு? அவர் முகத்தில் துளியும் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் மெஷினை நம்பவில்லை, என்னை நம்பினார்.

வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். காவல்காரர் டீ வாங்கி வந்து தந்தார். நாலரைக்கு மைசூர் பஸ் என்று சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. கூண்டுக்குள் கேஷியர் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, மீதிப் பாக்கெட்டுகளைப் பழையபடி கையாலேயே கட்ட ஆரம்பித்திருந்தார். முழங்கையால் அமுக்கி, நூலைச் சுற்றி, முனையைப் பல்லால் கவ்வி. அவருக்கு முன்னால் இப்போது வெறும் மேசைதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவை அவர் குனியும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். பதினொரு கட்டு. கடைசிக் கட்டு முடிந்து அவர் நிமிர்ந்த பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.