எஸ்கிமோக்களுக்காக வாய் கொடுத்தேன்

அடுத்தவர் பேச்சை மொழிபெயர்க்கிறவன் பிழைப்பில் கைதட்டல் அவருக்கு, கல்லடி தனக்கு. மேடையேறி மானம் போன அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். வடகோடிப் பனிநாட்டில், எஸ்கிமோ என்று நாம் சொல்லும் மக்களோடு இருந்துவிட்டு வந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஐம்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கம் மாஜிக் லாந்தர் விளக்கு வைத்துத் திரையில் படம் காட்டினார். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். அப்போது மண்டபத்தூரில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பிரெஞ்சு படித்த பிள்ளை' என்ற பேர் ஒன்றுதான் என் கையிருப்பு.

மறையாத சூரியன்

கடைத்தெருவில் முதல் காட்சி. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த மரைக்காயர் ஒருவர், "அப்ப நோன்பு எப்பத் தொறக்கிறது தம்பி?" என்றார். பாதிரியாரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகுமே! "பாதிரியார் மணி அடிப்பார்" என்று அளந்துவிட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரைக்காயர் சிரிக்கவில்லை. "நல்லாருக்கு தம்பி, எங்க நோன்புக்கு உங்க மாதா கோயில் மணியா?"

உறைந்த கடல்

கிளிஞ்சல்மேட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். திரையில் கடல் உறைந்து கிடந்தது. "அய்யோ, அப்ப பொழப்புக்கு என்னதான் பண்ணுவாங்க?" என்று ஒருவர் பதறினார். "உருகும்வரை சும்மா படுத்திருப்பார்கள்" என்றேன், நேரில் பார்த்தவன் மாதிரி. அடுத்த படம் விழுந்தது. பனியில் ஒரு துளையருகே, ஈட்டியும் கையுமாக ஒருவன், மூச்சுவிட மேலே வரும் கடல்நாய்க்குக் காத்து நிற்கிறான். கேட்டவரே என் தோளைத் தட்டினார். "நீங்க பேசாம இருங்க தம்பி, படமே நல்லா வெளங்குது."

பேர் சொல்ல ஒரு பிள்ளை

மண்டபத்தூரில் பெண் வீட்டார் மொத்தமும் முன்வரிசை. பெண்ணின் அம்மா மடியில் அவருடைய கடைசிப் பையன், மூன்று வயதுப் பொடியன், தூங்கிக்கொண்டிருந்தான். இன்றாவது சபையைச் சிரிக்கவைத்துப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று துடித்தேன். திரையில் ஒரு தாயும் குழந்தையும். அங்கே இறந்தவர் பேரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள், அந்தப் பழைய உறவைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிடுவார்கள், இவள் தன் மகனை 'அப்பா' என்கிறாள் என்று பாதிரியார் மரியாதையாகத்தான் சொன்னார். நான்தான், "பெத்த பிள்ளையை அப்பாங்கிறாங்களாம், பைத்தியக்கார ஜனங்க!" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் காலமான தன் மாமனார் பேரைத்தான் கடைசிப் பையனுக்கு வைத்திருந்தார். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! பையனை மெல்லத் தட்டி எழுப்பினார். "மாமா, எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம், மாப்பிள்ளை நம்மளப் பைத்தியம்ங்கிறாரு."

எப்படியோ கல்யாணம் நடந்துவிட்டது, ஆனால் அந்தப் பொடி மச்சானை நான் இன்றுவரை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.