முட்டிக்காரி நீலாவதி

வீட்டுக்குள் கால் வைத்ததும் நீலாவதி கேட்பது குடிக்கத் தண்ணீர் அல்ல, ஊறப்போட்ட புளி. அதை நோயாளியின் மூக்குக்கு நேரே நீட்டி ஒரு பிழி பிழிவாள். சாறு விரலிடுக்கில் வழியும். பிடியைத் தளர்த்திக் கிண்ணத்து நீரில் விட்டால் மறுபடி உப்பும். "பாத்துக்கினீங்களா? முட்டிக்குள்ள இருக்கிற குருத்தெலும்பும் இப்டித்தான்" என்பாள். குழம்புப் புளி போயிற்றே என்று வீட்டுக்காரி முணுமுணுப்பது அவள் காதில் விழாது.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, வேலூரில் பிசியோதெரபி படித்து, மலைக்கே திரும்பி வந்தவள். ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப் போகும் மட்டும் ஜீப், அப்புறம் நடை. மலைக்காரர்கள் வைத்த பெயர் முட்டிக்காரி. ஆளின் முகத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். சந்தைக் கூட்டத்தில் பின்னாலிருந்தே, "இன்னா ரங்கண்ணா, இடது கால இழுக்கிறீங்க?" என்று குரல் கொடுப்பாள். தலையில் மூட்டையோடு சரிவில் இறங்கும் பெண்களைக் கண்டால் நின்றுவிடுவாள். "எந்த மிஷினு இத்தினி லோடு தாங்கும், சொல்லுங்க?" என்று கேட்கும்போது, அந்த முட்டிகளையெல்லாம் இவளே செய்து கொடுத்தது போலிருக்கும். பெருமைதான். இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அந்தப் பெருமைக்கும் ஒரு சோதனை வந்தது. அவளுக்கு அத்தை முறையாகும் கெங்கம்மாள் மூன்று மாதமாகக் கட்டிலை விட்டு எழவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, நடந்தால் மண்ணை உழும் ஏர்க்கொழு போல மிச்சமும் தேயும் என்று யாரோ சொல்ல, காலை நீட்டி உட்கார்ந்தவள்தான். மகன் மணிவேல் சந்தையில் ஒரு கரண்ட் பெல்ட் வாங்கிவந்து கட்டிவிட்டிருந்தான். அது நாள் முழுக்க உறுமியது, முட்டிதான் அசையவில்லை. செங்கத்திலிருக்கும் மகள் தேவயானிக்கு ஆறு வாரத்தில் வளைகாப்பு. ஜீப் நிற்கும் ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். நடக்க முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப்போவதுதான் அங்கே வழக்கம்.

"நல்ல காரியத்துக்குப் போறவள நாலு பேரு தூக்கினு போவணுமா? அதுக்கு நான் போவாமலே இருந்துர்றேன்" என்று கெங்கம்மாள் அழுதுவிட்டாள்.

நீலாவதி பெல்ட்டைக் கழற்றினாள். "கொழு இரும்பு அத்தே, இந்தக் குருத்தெலும்பு உசுருள்ளது. இதுக்கு ரத்தக்குழாய் கெடையாது. அமுக்கி அமுக்கி வுட்டாத்தான் அதுக்குச் சோறு தண்ணி. அதுக்குள்ளயே கரண்டு இருக்குது. அதுதான் உப்புத்தண்ணிய இழுத்துப் புடிச்சினு இருக்குது. நீங்க கால ஊனுறப்போ அந்த உப்புத்தண்ணி நகரும். அது நகர்றப்போ இன்னும் துளியூண்டு கரண்டு வரும்."

"பல்பு எரியுமா?" என்றான் மணிவேல்.

"எரியாது. ஆனா சந்தையில வாங்க வேணாம்."

"தேஞ்சது திரும்ப வளருமா?" என்று கெங்கம்மாள் கேட்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன், வளராது. இருக்கிறதயாவது பட்டினி போடாதீங்க."

முதல் வாரம் கட்டிலில் உட்கார்ந்து எழுவது மட்டும். அப்புறம் வாசல் வரை, பிறகு சாமைக்கொல்லை வரை. வலி கூடிய நாளில் நீலாவதி நடையைக் குறைத்தாள், ஒரு நாளும் நிறுத்த விடவில்லை. கெங்கம்மாள் திட்டாத திட்டில்லை. நீலாவதிக்கும் உள்ளூர உதறல்தான். பாதி இறக்கத்தில் முட்டி மடங்கிவிட்டால் அத்தை டோலியில்தான் போவாள். இனி எந்த வீட்டில் இவள் பேச்சு எடுபடும்?

கிளம்பிய அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று மணிவேலும் பங்காளிகளும் டோலியோடு பின்னால் வந்தார்கள். கெங்கம்மாள் கோலூன்றி இறங்கினாள். ஏழு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது டோலியில் இருந்தது மகளுக்கென்று எடுத்துவந்த சாமை மூட்டையும் இரண்டு பலாப்பழமும்தான்.

ஜீப்பின் படி உயரம். மணிவேல் தாயைத் தூக்க ஓடிவந்தான்.

"தொடாதே" என்றாள் நீலாவதி.

கெங்கம்மாள் கம்பியைப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி நல்ல காலைத் தூக்கினாள். அந்த ஒரு கணம் அவள் உடம்பு மொத்தமும் நோவுக்காலின் மேல் நின்றது. முட்டி நடுங்கியது. நீலாவதியின் கைகள் தாமாக முன்னால் எழுந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்கள் வெளுக்க ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அத்தை உள்ளே ஏறி உட்காரும் வரை.