பஸ் ஸ்டாப்பில் சத்யாவின் படம்

ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் கிராமம். பால்வாடியில் தொடங்கி டிகிரி முடிக்கும் வரை ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எங்கள் மகளிர் குழுவும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் சேர்ந்து உதவுகிறோம். அப்படிப் படித்த சத்யா காலேஜில் சேர்ந்ததும் பஸ் ஸ்டாப்பில் அவள் படம் போட்டு, 'எங்கள் ஊரின் பெருமை' என்று பிளெக்ஸ் வைத்தோம். காதுகுத்துக்கே பிளெக்ஸ் வைக்கிற ஊர், இதற்கு வைக்காமல் இருக்குமா?

பொங்கல் லீவுக்கு வந்தவள் லீவு முடிந்தும் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. காய்ச்சல் என்றார் அவள் அம்மா. திருப்பூருக்கு வேலைக்குப் போகப் பையைக் கட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"ரெண்டு பேப்பர் போயிருச்சு அத்தை. அந்த பிளெக்ஸுக்குக் கீழ நின்னு நான் எப்படி காலேஜுக்கு பஸ் ஏறுவேன்?" என்று அழுதாள்.

"அழுகாத ஆத்தா. அரியர எழுதிக்கலாம். பிளெக்ஸ இப்பவே அவுத்துர்றோம்" என்றேன். அன்றே அவிழ்த்தோம். மறுநாள் நானே அவளுடன் பஸ் ஏறி ஹாஸ்டலில் விட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் படித்து முடித்தவர்களுக்குத்தான் பிளெக்ஸ். லீவுக்கு வரும் பிள்ளைகளிடம் "சாப்ட்டியா?" என்று கேட்கிற அதே குரலில் "அரியர் இருக்கா?" என்றும் கேட்கிறோம். அவர்களும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

இந்த வருடம் சத்யா டிகிரி முடித்தாள். பிளெக்ஸில் என்ன எழுதலாம் என்று அவளையே கேட்டேன்.

"ரெண்டு அரியர் வச்சு முடிச்சேன்னு போடுங்க அத்தை" என்றாள்.

அப்படியே போட்டிருக்கிறோம்.