வெளியே பெஞ்சில் இருந்த பாவாயி

பாவாயியை அவர் மகன் செல்வராசு இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வந்த காலையில்தான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது.

பரமத்தி வேலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். புற்றுநோயாளிகளை நகரத்து டாக்டரோடு வீடியோவில் பேசவைப்பது என் பொறுப்பு. பாவாயி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்திருந்தது. ஃபாலோ-அப்புக்காக இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை, எங்கள் டேப்லெட்டிலேயே டாக்டர் பார்த்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான், இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் தடவையே செல்வராசு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், அம்மாளுக்கு வெறும் கட்டின்னுதானுங்க சொல்லியிருக்கறோம். டாக்டர் வாய்தவறி அந்தப் பேரைச் சொல்லிப்புட்டா அன்னைக்கே சோறு தண்ணிய உட்டுருமுங்க. நானே பேசிக்கறனுங்க.”

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். நானும் சரி என்றுவிட்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மகன் மளமளவென்று பதில் சொல்வார், வேலை சீக்கிரம் முடியும்.

“அம்மா எங்கே?” என்று வீடியோவில் டாக்டர் கேட்டார்.

“வெளியே இருக்காங்க சார், நல்லாயிருக்காங்க.” சொன்னது நான்தான்.

“வலி ஏதாவது?”

“இல்லீங்க” என்றார் செல்வராசு.

இப்படியே மாதம் ஒரு தடவையாக மூன்று மாதம். எடை பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மகன் பேசி முடிக்கும்வரை பாவாயி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கதவிலிருந்து பத்தடிகூட இருக்காது.

செல்வராசு தூக்கிவந்த அன்று, பாவாயியைக் கட்டிலில் கிடத்தியதும் டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கால் அசையவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

“அம்மா, கால் எப்பலேருந்து வரல?” டாக்டர் கேட்டார்.

“முந்தாநேத்துல இருந்துங்க சாமி. முதுகு வலி ரெண்டு மாசமா இருக்குதுங்க.”

“ஏம்மா சொல்லல?”

“உள்ள என்னைய யாரும் கூப்புடலீங்களே.”

செல்வராசு அழுதுவிட்டார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லம்மா!”

“புத்து திரும்பிருச்சுன்னா நீ தாங்கமாட்டியேன்னுதான் சாமி சொல்லல.”

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

நோய் முதுகெலும்பில் பரவி, தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. வலி தொடங்கியபோதே ரேடியேஷன் கொடுத்திருந்தால் நடையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அப்போதே ஆம்புலன்ஸ் வைத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரேடியேஷன் கொடுத்தார்கள், வலி குறைந்தது. கால் வரவில்லை. செல்வராசு என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன். நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளி எதிரே உட்காராமல் வீடியோவைப் போடாதீர்கள். வீட்டார் சத்தம் போடுவார்கள், போடட்டும். மூன்று தடவையும் பாவாயி பஸ் ஏறி வந்துதான் இருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் அவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.