மாட்டு டாக்டரிடம் சொன்ன பொய்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகள் நிறைய இருக்கும். மகள் ஆறாவது படிக்கிறாள், அவளிடம் கொடுத்துத் திருத்தலாம்தான். ஆனால் விஷயம் அப்படிப்பட்டது, கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. நான் எழுத வந்ததே இந்தப் பாழாய்ப்போன கூச்சத்தைப் பற்றித்தான்.

நினைத்தால் முதலில் வருவது மாட்டு டாக்டரின் நீலப் பேனா. சீட்டில் மருந்து எழுதிக்கொண்டே வந்தது, பாதியில் நின்றது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மகள் பிறந்து பதினெட்டாம் நாள் அது. தா.பழூர்ப் பக்கம் எங்கள் ஊர். மனைவிக்குத் தாய் இல்லாததால் பிரசவம் முடிந்து எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பார்த்துக்கொள்ள வரதராஜன்பேட்டையிலிருந்து என் அக்கா வந்திருந்தார். நான்கு பிள்ளை பெற்றவர் என்பதால் அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். குழந்தை வாய் வைத்தாலே மனைவி பல்லைக் கடித்தாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. "மொதப் புள்ளைக்கு அப்படித்தான்டி இருக்கும், நாங்கல்லாம் பெக்கலியா?" என்றார் அக்கா. பதினைந்தாம் நாள் இடது மார்பு கல்லாக இறுகிச் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கண் பட்டுவிட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டார். அந்தப் பக்கத்துப் பால் கெட்டுவிட்டது, குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தார். பால் வற்றுவதற்காக அந்த மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார். ஜெயங்கொண்டம் கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்த மகராசன் நான்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாங்க" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "அக்கா சொல்லட்டும்" என்றேன். வலது பக்கப் பால் போதாமல் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த மூன்று நாளில் கிராம நர்ஸம்மாவே வாசலில் வண்டியை நிறுத்தி, "புள்ள நல்லா பால் குடிக்குதா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கடவுள் கொடுத்த வாயை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

தெரியாதவனாக இருந்தாலும் பரவாயில்லை. இருபது வருடமாக மாடு வைத்திருப்பவன். மடி இறுகினால் பாலைத் தேங்கவிடக் கூடாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது, ஆஸ்பத்திரியில் எந்த வார்த்தையால் சொல்வது என்று மருகி மருகி, கடைசியில் நான் போய் நின்றது மாட்டாஸ்பத்திரியில். அந்த டாக்டர் ஒருவரிடம்தான் எனக்குத் தடங்கல் இல்லாமல் பேச்சு வரும்.

"மாட்டுக்கு மடி வீங்கிப்போச்சுங்க சார். காய்ச்சலும் இருக்கு."

"எத்தனாவது ஈத்து?"

"தலை ஈத்துங்க. பதினெட்டு நாளாச்சு."

"எந்தக் காம்பு?"

"இடது பக்கங்க."

"முன்னாடியா, பின்னாடியா?"

மாட்டுக்குக் காம்பு நாலு என்பதை மறந்திருந்தேன். "முன்னாடிங்க" என்றேன்.

"பாலப் பீச்சி விட்டியா?"

"இல்லீங்க சார், மல்லிப்பூ வெச்சுக் கட்டியிருக்கு."

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்தார். "மாட்டுக்கு எவன்யா மல்லிப்பூ கட்டுனான்?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வூட்டுக்காரம்மாவா?" என்றார். தலையை ஆட்டினேன். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். "எனக்கு மாடுதான்யா தெரியும். நான் ஊசியத் தூக்கிக் குடுத்து, நீ போய் அந்தப் பொண்ணுக்குப் போட்டிருந்தா என்னாவறது? ஆட்டோ புடிச்சு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இரு, நானும் வரேன். நீ போவ மாட்ட."

மனைவியையும் குழந்தையையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில், "உள்ள நான் பேச மாட்டேன், நீதான் சொல்லணும்" என்று நின்றுகொண்டார். மனைவிக்கு நடுக்கத்தில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "மாருல பால் கட்டிக்கிச்சுங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றேன். சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. இதற்காகவா மூன்று நாள்?

"மூணு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்த?" என்று டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார்.

"பூ வாங்குனாருங்க" என்றாள் மனைவி, நடுங்கிக்கொண்டே.

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சீழ் பிடித்துக் கீறி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று திட்டிவிட்டு மாத்திரை எழுதினார். அங்கிருந்த நர்ஸ் பூவை அவிழ்த்தெறிந்துவிட்டு, குழந்தையை அதே இடது பக்கத்தில் அணைக்கச் சொன்னார். "கெட்ட பாலும்மா அது" என்று அக்கா பதறினார். "பால் கெடல. தேங்கி நிக்குது. புள்ள குடிச்சாத்தான் வடியும். காம்ப மட்டும் குடுத்தா வெடிக்கத்தான் செய்யும், புள்ள வாய நல்லா தெறக்கட்டும், கருப்பு வட்டத்தோட சேத்துக் குடு." குழந்தை கவ்வியது. மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வெளியே வந்து பார்த்தேன், மாட்டு டாக்டர் போய்விட்டிருந்தார்.

திரும்பும்போது, "மாட்டு டாக்டர் எதுக்கு வந்தாரு?" என்று மனைவி கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அக்கா ஆட்டோ குலுங்கச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "மாட்டுக்குன்னா வாய் வருது. எனக்குன்னா வரல" என்றாள். அவ்வளவுதான்.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. புண் ஆற இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அந்த டாக்டர் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். அவருக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை, வழக்கம்போல. நான் திருந்திவிட்டதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். போன மாதம் அவளுக்கு இடுப்பு வலி. டாக்டரிடம் "இவங்களுக்கு முடியலீங்க" என்று இழுத்துக்கொண்டு நின்றேன். என்னை நகர்த்திவிட்டு அவளே சொன்னாள்.

அன்று ஆட்டோவில் அவள் சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன். இதுவரை எழுதியதை, மகள் டியூஷனுக்குப் போன நேரத்தில் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மார்பு என்று வந்த இடத்தில் என் குரல் தானாக இறங்கியது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"சத்தமா படிங்க" என்றாள்.

முதலிலிருந்து படித்தேன்.

தை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.